அடுத்த வீட்டுச் சமயம்

சாபங்களில் பல ரகம் உண்டு. நம் ராஜாக்கள் கோயிலுக்கும் மடத்துக்கும் நிலம் விட்டுச் சாஸனம் வெட்டும்போது, கடைசியில் ஒரு சாபத்தையும் சேர்த்து வெட்டிவைப்பார்கள். தர்மத்தை அழிக்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்றவன் போகிற நரகத்துக்குப் போவான் என்பது வழக்கமான வாசகம். கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்கு அது அலுத்துப்போன சமாசாரம்.

ஆனால் காஞ்சீபுரத்தில், பிள்ளையார்பாளையத்தை ஒட்டி மேற்கே நிற்கிற கைலாசநாதர் கோயிலில் ஒரு சாபம் இருக்கிறது. அது வேறு ரகம். முன்மண்டபத்துத் தூண் ஒன்றில், தமிழிலும் அல்ல, கிரந்தத்திலும் அல்ல, கன்னடத்தில் வெட்டியிருக்கிறது. வெட்டுவித்தவன் வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 733-ல் பட்டம் ஏறியவன். நூறு வருஷத்துக்கு முன்பு பல்லவர்கள் வாதாபியை எரித்ததற்குப் பழி தீர்க்க வந்தவன். நகரத்துக்குள் நுழைந்தான், ராஜசிம்மன் கட்டிய இந்தக் கோயிலைப் பார்த்தான். கொள்ளையடிக்க மனம் வரவில்லை. கோயில் சொத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு அதைக் கல்லிலும் எழுதிவைத்தான். இந்த எழுத்தை அழிக்கிறவன் எங்கே போவானாம்? இந்த ஊர்க் கடிகையின் மகாஜனங்களைக் கொன்றவர்கள் போகிற உலகத்துக்கு!

பசுவை விட்டுவிட்டான், பாருங்கள். அயலூரிலிருந்து கத்தியோடு வந்த பகை ராஜாவுக்கு, காஞ்சியில் மிகப் பெரிய பாவம் என்று தோன்றியது ஒரு கல்விச்சாலையின் வித்வான்களைக் கொல்வதுதான்.

கடிகை என்பது அந்தக் காலத்து உயர்கல்விச் சபை. அதன் புகழ் அதற்கும் முந்நூறு நானூறு வருஷம் முந்தியது. கர்நாடகத்தில் ஷிமோகா ஜில்லாவிலுள்ள தாளகுண்டாவில் ஒரு தூண் சாஸனம் இருக்கிறது. மயூரசர்மன் என்ற இளைஞன், வீரசர்மன் என்ற தன் குருவோடு, வேதம் முழுவதையும் கற்றுத் தேற வேண்டும் என்று காஞ்சிக் கடிகைக்கு வந்தானாம். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. தர்ப்பை பிடிக்க வந்த கையில் வாளைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். கதம்ப வம்சம் பிறந்தது. சரித்திர நாவல் எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இப்படிப்பட்ட மாணவர்கள்தாம் வேண்டும். படித்துப் பாஸ் செய்துவிட்டுப் போனவனை வைத்து நாங்கள் என்ன செய்ய?

இருந்தாலும், இந்தக் கட்டுரை மயூரசர்மனைப் பற்றியது அல்ல. அவன் தன் சொந்த வேதத்தைப் படிக்க வந்தவன். தன்னுடையது அல்லாத சமயத்தைப் பக்கப் பாடமாக எடுத்துப் படித்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கும் காஞ்சியே துணை.

ஆறாம் நூற்றாண்டில் காஞ்சியில் ஒரு மந்திரியின் மூத்த மகன் இருந்தான். ராஜகுமாரியைக் கொடுப்பதாக ஏற்பாடு. கல்யாணத்துக்கு முந்தின இரவு அவன் புத்தர் சிலைமுன் நின்று அழுது வேண்டிக்கொண்டு, ஊரைவிட்டே மறைந்துவிட்டான். தர்மபாலன் என்ற பெயரோடு நாளந்தாவுக்குத் தலைவனானவன் அவன்தான். அவனுடைய சிஷ்யர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பாடம் கேட்டவர் சீன யாத்ரீகர் யுவான் சுவாங். கல்யாணக் கதையை எழுதிவைத்தவரும் அவரே.

நாளந்தாவில் என்ன படித்தார்கள் என்பதை யுவான் சுவாங்கின் சரித்திரத்தை எழுதிய அவருடைய சீடர் சொல்கிறார். மகாயானம் எல்லோருக்கும் உண்டு. பௌத்தத்தின் பதினெட்டுப் பிரிவுகளின் நூல்களும் உண்டு. அதோடு தர்க்கம், வியாகரணம், வைத்தியம், அதர்வ வேதம், சாங்கியம், மற்ற வேதங்களும்கூட. புத்த பிக்ஷுக்கள் நிறைந்த மடத்தில் வேதம் பக்கப் பாடம்! அதை நம்பிப் பரம்பரைத் தொழில் நடத்தப்போவதில்லை. அதன்படி யாகம் செய்யப்போவதும் இல்லை. எதிரே உட்காருகிறவன் எதை நம்புகிறான் என்று தெரிந்துகொள்வதற்காகப் படித்தார்கள்.

வாதத்தில் ஜெயிப்பதற்காகத்தானே, என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அதற்காகத்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஜெயிக்க வேண்டுமென்றாலும், எதிராளியின் வாதத்தை அவன் வாயிலிருந்து வருகிறபடியே முதலில் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது நம் நாட்டு வாதசபைகளின் வழக்கம். இந்த வழக்கத்தால் விளைந்த ஒரு விந்தையைப் பின்னால் சொல்கிறேன்.

யுவான் சுவாங் 640-ஐ ஒட்டி நம் பக்கம் வந்தார். தலைநகர் காஞ்சி என்று சொல்லி, இந்த நாட்டில் நூறு சங்காராமங்கள், பதினாயிரம் பிக்ஷுக்கள், எண்பது தேவாலயங்கள், ஏராளமான திகம்பர சமணர்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். அந்தக் கூட்டத்தை அவருக்கு ஒரு தலைமுறை முன்பே நம் கண்ணில் காட்டியவன் மகேந்திரவர்மன். அவன் எழுதிய ‘மத்தவிலாஸ பிரகசனம்’ நடப்பது காஞ்சித் தெருவில். கள் மயக்கத்தில் ஒரு காபாலிகன், அவன் துணைவி, பிக்ஷு ஒருவர், பாசுபதன் ஒருவன், ஒரு பைத்தியக்காரன். காணாமற்போன மண்டையோட்டுப் பாத்திரம் ஒன்று. மண்டையோட்டைத் திருடியது பிக்ஷுவா என்று சண்டை. உண்மையில் தூக்கிக்கொண்டு போனது நாய்.

சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடிகாரக் காபாலிகன் சமணரை எதிர்த்து ஒரு வாதம் பேசுகிறான்: காரியம் காரணத்தைப் போலத்தான் இருக்கும், அப்படியிருக்க, உடம்பை வருத்துகிற துன்பத்திலிருந்து மோக்ஷம் என்ற இன்பம் எப்படி வரும் என்கிறான். இது குடிகாரன் உளறல் அல்ல. அந்தக் காலத்து வாதசபையில் நிஜமாகவே பேசப்பட்ட வாதம். பிக்ஷு தமக்குள்ளே அங்கலாய்க்கிறார்: நல்ல சாப்பாடும் படுக்கையும் அனுமதித்த புத்த பகவான் கள்ளையும் பெண்ணையும் மட்டும் ஏன் மறுத்திருப்பார், கிழட்டுத் தேரர்கள் அந்த ஏட்டை ஒளித்துவைத்திருப்பார்களோ என்று. விநயத்தில் எது அனுமதி, எது விலக்கு என்று தெரியாதவனுக்கு இந்த வேடிக்கையை எழுத வராது. மகேந்திரன் ஒவ்வொரு கூட்டத்தையும் கேலி செய்வதற்குமுன் ஒவ்வொன்றையும் படித்திருக்கிறான். இன்று நாம் பக்கத்து வீட்டுக்காரரின் சமயத்தைக் கேலி செய்வதற்கு அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த விஷயங்களெல்லாம் ஒருநாள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் எனக்குத் தேவைப்பட்டன. நான் போனது வேறு ஒரு நாவலுக்காக. குழித்தறியைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. நெசவாளர் தறியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் சரித்திரம் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நீதிபதி கிடைத்துவிட்டார் என்று நினைத்தார்கள்.

“சரித்திரம் எடுத்திருக்குது சார், சரி. கூட ஒரு பாடம் எடுக்கணுமாம், மைனர்னு. கம்ப்யூட்டர் எடுக்கலாம், எகனாமிக்ஸ் எடுக்கலாம். இது என்னடான்னா, மதங்களைப் பத்திப் படிக்கறேங்குது. சமணம், பௌத்தம், இஸ்லாம், கிறிஸ்துவம், எல்லாம் இருக்குதாம்.”

திண்ணையிலிருந்து பாட்டி குரல் கொடுத்தாள்: “சாமி கும்பிடறதுக்கு எதுக்குடி பரீட்சை?”

“கும்பிடறதுக்கு இல்லே ஆயா. மத்தவங்க எதுக்குக் கும்பிடறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு.”

“நாளைக்கு வேற மதத்துக்குப் போயிட்டேன்னு வந்து நின்னா?” என்றார் அப்பா. இதுதான் நிஜமான பயம். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

பெண் சளைக்கவில்லை. “உடல் ஒரு நிறம் நெய்யறீங்க, கரை வேற நிறம் நெய்யறீங்க, ரெண்டையும் கோக்கறீங்க. கரை எதுக்குப்பா?”

உவமை அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொழில் தெரிந்தவரிடம் உவமை பலிக்காது. “கோர்வைக்கு மூணு நாடா, பக்கத்துல தனியா ஒரு ஆளு, அந்த ஆளுக்குத் தனிக் கூலி. அதனாலதான் கோர்வை போடறவங்க குறைஞ்சுபோயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க சார். இதையெல்லாம் படிச்சு யாராவது பெரிய மனுஷன் ஆயிருக்கானா?”

சொன்னேன். முதலில் உ. வே. சாமிநாதையரைச் சொன்னேன். 1880-ல் கும்பகோணம் காலேஜில் அவர் தமிழ்ப் பண்டிதர். முனிசீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் முகத்தில் சுவாரசியமே இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. படிக்கத் தொடங்கியபோது, கடவுள் வாழ்த்திலேயே தடுக்கியது. அது சமணர் வாழ்த்து. திருவாவடுதுறையில் மகாவித்துவானிடம் படித்த சைவப் புலமை அத்தனையும் அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. தமிழ் தெரிந்தால் போதாது, ஜைனமும் தெரிய வேண்டும் என்று புரிந்துகொண்டார்.

கும்பகோணத்திலேயே சமணர்கள் குடியிருந்தார்கள். ஒரு சிநேகிதரோடு அவர்கள் வீதிக்குப் போனார். ஒரு வீட்டில் தோரணம் கட்டி விசேஷம் நடந்துகொண்டிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியைப் படித்துப் பூர்த்தி செய்த கொண்டாட்டம் என்றார்கள். இவர் ஏட்டில் தேடித் திண்டாடிக்கொண்டிருந்த நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பாராயணமாக வாழ்ந்துகொண்டிருந்தது! பக்கத்திலேயே இருந்தும் இத்தனை நாள் தெரியவில்லை. அதற்குமேல் அவர் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவர்களிடமே பாடம் கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அடுத்து மணிமேகலை வந்தபோது பௌத்தம் படிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலோ கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பௌத்த வீதி மிஞ்சியிருக்கவில்லை. ரங்காசாரியர் என்ற பேராசிரியர் இங்கிலீஷ்ப் புஸ்தகங்களைப் படித்துப் படித்து அவருக்கு விளக்கினார். 1898-ல் மணிமேகலை வெளிவந்தது. சாமிநாதையர் சமணராகவும் ஆகவில்லை, பௌத்தராகவும் ஆகவில்லை. கடைசிவரை திருநீறு பூசிய நெற்றிதான்.

“அது பெரிய படிப்பு சார்” என்றார் நெசவாளர். ஆனால் தறி நின்றிருந்தது.

மணிமேகலை என்ற பெயரைச் சொன்னதும் பெண் நிமிர்ந்தாள். நியாயந்தான். இந்தத் துணைப்பாடத்துக்கு முதல் மாணவி அவள் அல்லவா? வஞ்சி மாநகரத்தில், ஆண் துறவி வேஷத்தில், ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கை என்ன சொல் என்று கேட்கிறாள். அளவை வாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி, பத்துப் பேர். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறாளே தவிர, சண்டைக்குப் போவதில்லை. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஒப்பமாட்டேன் என்ற பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று சிரித்துக்கொண்டு கேட்கிறாள். அதன் பிறகுதான் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் பௌத்தம் கேட்கிறாள். சாத்தனார் நடுநிலைக்காரர் அல்ல. மற்றப் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே காதை. தம் சமயத்துக்குக் கடைசி இரண்டு காதைகள் முழுசாக! தராசின் ஒரு தட்டில் அவர் விரல் இருக்கிறது. அது போகட்டும்.

முன்பு சொன்ன விந்தைக்கு இப்போது வருகிறேன். அந்தப் பத்துப் பேரில் ஆசீவகன் ஒருவன் இருக்கிறானே, அவனுடைய சமயம் இன்று உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு கோயில் இல்லை, ஒரு அடியார் இல்லை, அவர்கள் எழுதிய ஒரு நூல்கூட இல்லை. ஆனாலும் ஆசீவகர்கள் எதை நம்பினார்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது. எப்படி? பௌத்தரான சாத்தனார் மணிமேகலையில் எழுதிவைத்தார். நீலகேசி பாடிய சமணர் எழுதிவைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவரான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், மறுப்பதற்கு முன்னால் அவர்கள் கொள்கையை எடுத்துச் சொன்னார். மூன்று பேரும் எதிரிகள். மூன்று பேரும் ஒழுங்காகப் படித்த எதிரிகள். அதனால் செத்துப்போன ஒரு சமயம் தமிழில் பிழைத்துக் கிடக்கிறது.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் காஞ்சியே உதாரணம். யுவான் சுவாங் சொன்ன நூறு சங்காராமங்களில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிகிறதா? 1915-ல் கோபிநாத ராவ், காமாக்ஷியம்மன் கோயிலுக்குள்ளேயும் ஊருக்குள்ளேயும் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். அவற்றில் நின்ற கோலத்துப் பெரிய சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போயிற்று. அதுவரை அந்தச் சிலைகளைத் தாண்டித் தினமும் போய்வந்த ஜனங்கள், அவர் யார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. தர்மபாலனுடைய நூல்களுக்குத் தமிழ்நாட்டில் சுவடே இல்லை. யுவான் சுவாங் 659-ல் சீனத்தில் தொகுத்த விஞ்ஞானவாத நூலில் அவன் கருத்து முதன்மை பெற்று நிற்கிறது. ஜப்பானிலே இன்றும் அதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிப் பிள்ளையைத் தெரிந்துகொள்ளக் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் போக வேண்டியிருக்கிறது!

“சர்க்கார் இதுக்கு ஒத்துக்குதா சார்?” என்றார் நெசவாளர். கெட்டிக்காரர். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரிய பெரிய கமிஷன்களே சிரமப்பட்டன.

இங்கிலீஷ்காரன் காலத்தில் சர்க்கார் பள்ளிகளில் மதம் கூடாது என்று வைத்தார்கள். மிஷன் காலேஜ்களில் பைபிள் வகுப்பு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் என்ற ஏழை மாணவர், உறவுக்காரப் பையன் ஒருவன் பழைய தத்துவப் புஸ்தகங்களை இலவசமாகக் கொடுத்ததால் தத்துவ வகுப்பில் சேர்ந்தார். கிறிஸ்தவ ஆசிரியர்கள் வேதாந்தத்தில் கண்ட குற்றங்கள் அவர் மனத்தைக் குடைந்தன. வேதாந்தத்தின் ஒழுக்க நெறியைப் பற்றியே எம்.ஏ.வுக்கு ஆராய்ச்சி எழுதினார். 1936-ல் அவரே ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டுச் சமயங்களுக்குப் பேராசிரியர். சுதந்திரம் வந்தபின், 1948-49-ல் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைவராக இருந்தபோது, பட்டப்படிப்பின் முதல் வருஷத்தில் பல சமயப் பெரியோர்களின் சரித்திரம், அடுத்து எல்லாச் சமய நூல்களிலிருந்தும் பொறுக்கிய பகுதிகள், மூன்றாம் வருஷத்தில் சமயத் தத்துவம் என்று சிபாரிசு செய்தார்.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்து, முழுக்க முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் கல்விச்சாலைகளில் மத போதனை கூடாது என்றது. போதனை கூடாது, சரி. ஆனால் படிப்பு? 1963-ல் அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட், பள்ளியில் பைபிள் ஓதி வழிபடுவது கூடாது, சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு விஷயம் என்று கோடு கிழித்தது. 1964-66-ல் நம் கோத்தாரி கமிஷனும், மதக் கல்வி வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்துச் சொன்னது. 2002-ல் நம் சுப்ரீம் கோர்ட்டும், சமயங்களைப் பற்றிப் படிப்பதை 28-வது ஷரத்து தடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லியது. பக்கப் பாடமாக வைக்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒரு துறை, சமணத்துக்கு ஒன்று, கிறிஸ்தவத்துக்கு ஒன்று, இஸ்லாத்துக்கு ஒரு மையம் என்று ஏற்படுத்தினார்கள். நல்ல காரியந்தான். ஆனாலும் அவரவர் வீட்டுக்கு அவரவர் போவதுபோல, ஐந்து வாசல்கள். பி.ஏ. படிக்கிற பெண் ஒருத்தி ஐந்து வாசலிலும் எட்டிப்பார்க்க வழி வேண்டாமா? மயிலை சீனி. வேங்கடசாமி என்ற பள்ளிக்கூட ஆசிரியர், எந்தத் துறையிலும் இல்லாமலே, 1936-ல் கிறிஸ்தவமும் தமிழும், 1940-ல் பௌத்தமும் தமிழும், 1954-ல் சமணமும் தமிழும் என்று மூன்று புஸ்தகம் எழுதிவிட்டுப் போனார். அந்த மூன்றையும் வாங்கிப் படிக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சீட்டில் எழுதிக்கொடுத்தேன்.

அவளுக்கு விடுமுறையில் செய்து முடிக்க ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: தன் ஊரில், தன் குடும்பம் வழிபடாத ஒரு கோயிலைப் பார்த்து எழுதிவர வேண்டும். அவள் திருப்பருத்திக்குன்றத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வேகவதியைத் தாண்டினால் ஜினகாஞ்சி. பெயரில் பருத்தி, இந்தப் பக்கம் பட்டு. பல்லவர் காலத்திலிருந்து இருக்கிற வர்த்தமானர் கோயில். 1387-ல் விஜயநகர மந்திரி இருகப்பன் கட்டிய சங்கீத மண்டபம். அதன் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர்களின் சரித்திரம் சித்திரமாக. அங்குள்ள ஒவ்வொரு சித்திரத்தையும் விவரித்து, சென்னை மியூசியத்தைச் சேர்ந்த டி. என். ராமச்சந்திரன் 1934-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே போகலாம். அந்த நெசவாளர் ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் அதுவரை போனதில்லை.

அன்று மாலை மூன்று பேரும் போனோம். மண்டபத்துக்குள் அவர் கழுத்தை அண்ணாந்தபடியே நின்றார். சித்திரங்களுக்குக் கீழே தமிழில் பெயர் எழுதியிருக்கிறது. பழைய எழுத்து, இடையிடையே உதிர்ந்திருக்கிறது. மகளுக்கு முன்னால் அவரே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார். ராஜாக்களும் பல்லக்குகளும் யானைகளும் வரிசையாக வந்தன. வேலும் மயிலுமாகவே முருகனைக் கும்பிட்டுப் பழகியவர், கருவறைப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இவங்க சாமி கையில ஆயுதமே இல்லையே, ஏன்?” என்றார்.

அவள் நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்தாள்.